நீல வண்டியும் சாம்பல் வண்டியும்

நடராசன் அபுதாபியில் இருந்த காலம் முழுவதும் வண்டிகளோடுதான் பிழைத்தார். ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தில் வாகனங்களைப் பராமரிக்கும் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. எந்த வண்டி எந்த வேகத்தில் போனால் எத்தனை மீட்டரில் நிற்கும், எந்த டயர் எந்த வெயிலில் வெடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். வேலையை விட்டுத் தஞ்சாவூருக்கு வந்ததும் நான்கு சக்கரமும் இழுக்கிற ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்றை வாங்குவது என்று அங்கே இருந்தபோதே முடிவு செய்து வைத்திருந்தார். மற்றவர்கள் வீடு கட்டினார்கள், கல்யாண மண்டபம் கட்டினார்கள். இவருக்கு அந்த ஒரு ஆசைதான்.

ஊருக்கு வந்த வருடமே பார்வை கெட்டது. கெட்டது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நேராகப் பார்த்தால் பேருந்தின் ஊர்ப்பெயரைத் தெருக்கோடியிலிருந்தே படித்துவிடுவார். போனது பக்கப் பார்வை. கண்ணில் அழுத்தம் கூடி, வலியில்லாமல், ஓரங்களிலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு வந்திருக்கிறது. மதுரையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பிறகு டாக்டர் படத்தைக் காட்டினார். நடுவில் கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு.

"சொட்டு மருந்த விடாம போடுங்க. இருக்கிறதக் காப்பாத்திக்கலாம். போனது வராது. இனிமே வண்டி மட்டும் ஓட்டாதீங்க."

"சரிங்க டாக்டர்" என்றார் நடராசன். திரும்பி வரும்போது ரயிலில் வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தார். அண்ணனிடமும் சொல்லவில்லை, கனடாவில் இருக்கும் மகளிடமும் சொல்லவில்லை. மனைவி விஜயலட்சுமிக்கு மட்டும் தெரியும், அவள் கூடப் போயிருந்ததால்.

விஜயலட்சுமி அரசு கால்நடை மருத்துவர். அய்யம்பேட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அவளுடைய மருந்தகம். பழைய சின்ன கார் ஒன்றை வைத்திருந்தாள். பின்சீட்டில் சேற்றில் இறங்க ரப்பர் கம்பூட்ஸ், தண்ணீர்க் கேன், மருந்துப் பெட்டி. ஈனும்போது கன்று மாட்டிக்கொண்டது என்று போன் வந்தால் அந்த வண்டியை எந்த வரப்போரத்துக்கும் கொண்டுபோய் நிறுத்துவாள். வண்டி என்பது அவளுக்குப் போய்ச் சேருவதற்கு. அதைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை.

மதுரைக்குப் போய் வந்ததோடு கார்ப் பேச்சு முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஐப்பசி பிறந்து, சம்பா நடவு மும்முரமாக இருந்த ஒரு சனிக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்.

"திருச்சி ஷோரூம்லேர்ந்து நாளைக்கு நீல வண்டி வருது. டெஸ்ட் டிரைவ்."

"யாரு ஓட்டப் போறது?"

"நீதான்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் ரசம் விட்ட சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இத்தனை வருடம் மணலில் கிடந்து சேர்த்தது. அவருடைய ஆசைக்கு அவள் எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அந்தக் கறுப்புப் படத்தில்தான் போய் முடியும்.

மறுநாள் நீல வண்டியைக் கொண்டுவந்தவர் அப்துல் ஜலீல் என்ற விற்பனை மேலாளர். முழுக்கைச் சட்டை, நல்ல பேச்சு. சாவியை நேராக நடராசனிடம் நீட்டினார்.

"மேடம் ஓட்டுவாங்க" என்றார் நடராசன்.

"ஓ, மேடத்துக்கா சார் வண்டி?"

"இல்ல, எனக்குத்தான்."

ஜலீலுக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். அன்று முழுவதும் அவர் நடராசனோடுதான் பேசினார். குதிரைசக்தி, கியர், சக்கரங்களுக்கு இழுவை எப்படிப் பிரிந்து போகிறது எல்லாவற்றையும் முன்சீட்டின் இடதுபக்கத் தலையைப் பார்த்தே சொன்னார். ஓட்டிக்கொண்டிருந்தவளிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "ஏசி போதுமா மேடம்?"

புறவழிச்சாலை காலியாக இருந்தது. கால் பட்டதும் வண்டி முதுகில் கைவைத்துத் தள்ளியது போலப் பாய்ந்தது. விஜயலட்சுமிக்கு முதலில் பயமாக இருந்தது. அப்புறம் பயமாக இல்லை. ஸ்டீயரிங்கைத் துளி அசைத்தால் போதும், முன்பக்கம் உடனே திரும்பியது. வளைவில் உடம்பு சாய்ந்தது, வண்டி சாயவில்லை.

"விஜி, இப்ப கண்ணாடியப் பாரு. பின்னாடி யாரும் வரலல்ல? நூறுல போயி, ஒரே மிதியா மிதி. பயப்படாத. ஸ்டீயரிங்கை நேரா வச்சுக்க."

மிதித்தாள். சீட்பெல்ட் தோளை அறுத்தது. வண்டி கோடு போட்டது போல நேராக நின்றது. எதிர்பார்த்ததற்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது.

நடராசன் தொடையில் தட்டினார். "பாத்தியா! நான் சொன்ன மீட்டர்தான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல." முகம் பூராவும் சிரிப்பு. மதுரைக்குப் பிறகு அவரை இப்படி அவள் பார்த்ததில்லை.

அவள் வேறொன்றையும் பார்த்தாள். அவள் மிதித்தபோது அவருடைய வலது காலும் தரையை மிதித்திருந்தது. வண்டி நின்ற பிறகும் அந்தக் கால் எழும்பவில்லை.

ஒப்பிடுவதற்கு இன்னொரு வண்டி வேண்டும் என்பது நடராசனின் பிடிவாதம். ஒன்றை மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்குகிறவனை அவர் மதிக்க மாட்டார். அடுத்த ஞாயிறு வேறொரு கம்பெனியிலிருந்து சாம்பல் நிற வண்டி வந்தது. நீலத்தைவிட எட்டு லட்சம் விலை குறைவு. கொண்டுவந்தவள் ஷிஃபா, முப்பது வயதுக்குள் இருக்கும். திருச்சியிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"யாரு ஓட்டப் போறீங்க?" என்று இருவரையும் பார்த்துக் கேட்டாள். விஜயலட்சுமி கை நீட்டினாள். "வாங்க மேடம். சீட்ட முதல்ல உங்க உயரத்துக்கு வச்சுக்கலாம்."

முந்தின நாள் இரவெல்லாம் மழை. காலையில் விட்டிருந்தது, ஆனால் வானம் வெளுக்கவில்லை. ஜலீல் மழை நாளில் கிராமத்துச் சாலைப் பக்கம் வண்டியைத் தர மாட்டோம் என்று முன்பே சொல்லியிருந்தார். ஷிஃபாவிடம் நடராசன் தயங்கித்தான் கேட்டார்.

"எங்க போனாலும் ஓட்டிப் பாருங்க சார். நீங்க எங்க ஓட்டப் போறீங்களோ அங்கதான ஓட்டிப் பாக்கணும்?"

அய்யம்பேட்டை தாண்டித் தெற்கே திரும்பினார்கள். விஜயலட்சுமி தினமும் போகிற சாலை. இருபக்கமும் நடவு நட்ட வயலில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. நடாத வயல்களில் டிராக்டர்கள் சேறு கலக்கிக்கொண்டிருந்தன. வயலுக்கு வயல் மாறும்போது அவை சாலையில் ஏறி இறங்கும். இரும்புச் சக்கரத்தில் அப்பி வந்த களிமண் தார்ச்சாலை நெடுகக் கட்டி கட்டியாகக் கிடந்து, மழையில் கரைந்து மெழுகியது போல இருந்தது.

இந்த வண்டியில் பிரேக் வேறு மாதிரி. தொட்டதும் பிடிக்கவில்லை. எவ்வளவு அமுக்கினாளோ அவ்வளவு. ஸ்டீயரிங்கும் கொஞ்சம் கனம். நடராசனுக்குத் திருப்தியில்லை என்பது அவர் மூச்சுவிடுவதிலேயே தெரிந்தது.

"நீலம் மாதிரி சுருக்குன்னு இல்ல."

"ம்."

"ஆனா வழுக்காது, பயப்படாம போ. நாலு சக்கரமும் இழுக்குது."

"இழுக்கிறது சரி. நிக்கறதுக்கு?"

"நிக்கறதுக்கு என்ன, பிரேக் இருக்குல்ல" என்று சிரித்தார். தான் சொன்னது முழுப் பதில் இல்லை என்று அவருக்கே தெரியும். நான்கு சக்கரமும் இழுத்தால் கிளம்புவதுதான் சுலபம். நிற்கும்போது எல்லா வண்டியும் ஒன்றுதான், டயரும் தரையும் விட்ட வழி.

வெட்டாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாலை சரிவாக இறங்கும். சரிவின் அடியில் இடதுபுறமிருந்து ஒரு சந்து வந்து சேரும். சந்து மூலையில் யாருக்கோ காதுகுத்து என்று பெரிய பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். ஓட்டுகிறவள் உட்கார்ந்த இடத்திலிருந்து சந்து தெரியவில்லை.

"உங்க பக்கம் பாருங்க. யாராச்சும் வர்றாங்களா?" என்று பழக்கத்தில், யோசிக்காமல் கேட்டுவிட்டாள்.

நடராசன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தது சந்தின் நடுவை.

"காலி. போ."

அவள் பிரேக்கிலிருந்து காலைத் தளர்த்தினாள். சந்தின் வேலியோரத்திலிருந்து ஒரு மொபெட், பின்னால் நாற்று முடிகள் மலை போலக் கட்டியிருக்க, நேராகச் சாலைக்கு வந்தது. ஓட்டியவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எதிரே மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

விஜயலட்சுமி மிதித்தாள். பிரேக் விட்டு விட்டுப் பிடிக்க, காலுக்கடியில் பெடல் கடகடவென்று துடித்தது. வண்டி களிமண்ணில் வழுக்கியது. வழுக்கிக்கொண்டே வேகம் குறைந்தது. அந்தத் துடிப்பு அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, சினைமாட்டின் வயிற்றில் கைவைத்தால் உள்ளே அசைவது தெரிகிற மாதிரி. காலை எடுக்காமல் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் கொஞ்சம் ஒடித்தாள். வண்டி சொன்னதைக் கேட்டது. மொபெட்டின் பின்னால் போய், சாலையோரத்துச் சேற்றில் இரண்டு சக்கரம் இறங்கி நின்றது.

மொபெட்டில் கார் படவில்லை. ஆனால் பயத்தில் அந்தப் பெண் கையை விட்டுவிட்டாள். மொபெட் சாய்ந்து, நாற்று முடிகள் சாலையெல்லாம் உருண்டன.

விஜயலட்சுமி இறங்கி ஓடினாள். அதற்குள் அந்தப் பெண்ணே எழுந்து நின்று கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"கண்ணு என்ன பொடனிலயா இருக்கு? பெரிய காரு வச்சிருந்தா ரோடே ஒங்களுதா? ஆளு வர்றது தெரியாது? நான் செத்திருந்தா எம் புள்ளைங்களுக்கு யாரு..." சட்டென்று நிறுத்தினாள். "டாக்டரம்மாவா?"

"நானேதான். அம்சம், அடிபட்டுச்சா? கைய நீட்டு, பாக்கறேன்."

"ஒண்ணும் இல்லம்மா. சேறுதான்." அம்சத்தின் குரல் இறங்கிவிட்டது, ஆனால் கோபம் இறங்கவில்லை. "நீங்க போயி இப்படி வரலாமா? எங்க செவலைக்குக் கன்னு மாட்டிக்கிட்டப்ப விடியுமட்டும் உக்காந்திருந்தீங்க. அப்பேர்ப்பட்ட ஆளு, ஒரு ஹாரன் அடிக்க மாட்டீங்களா?"

விஜயலட்சுமி பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து நடராசன் சொன்னார். கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு, கணுக்கால்வரை சேற்றில் நின்றிருந்தார்.

"அவங்க மேல தப்பில்லம்மா. நான்தான் காலின்னு சொன்னேன்."

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க? நான் என்ன எறும்பா?"

"எனக்கு ரெண்டு ஓரமும் தெரியாது. நேரா மட்டுந்தான் தெரியும்." அம்சம் புரியாமல் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார், குதிரைக்கு மறைப்புக் கட்டுவது போல. "இப்படித்தான். நீ வண்டிக்கு முன்னாடி வந்த பெறகுதான் உன்னையப் பாத்தேன். அதுவரைக்கும் நீ இல்லவே இல்ல."

அம்சம் குனிந்து நாற்று முடிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஷிஃபா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூடச் சேர்ந்துகொண்டாள். மொபெட்டை நிமிர்த்தி, முடிகளை ஏற்றிக் கட்டி முடித்ததும் அம்சம் நடராசனைப் பார்த்து, "ஒடம்பப் பாத்துக்குங்க சார்" என்றாள். நடவாட்கள் காத்திருப்பார்கள் என்று கிளம்பிப் போய்விட்டாள்.

சேற்றில் இறங்கியிருந்த வண்டியை விஜயலட்சுமி மெல்ல எடுத்தாள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தன. வண்டி ஒரு முறை முனகிவிட்டு மேலே ஏறிவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் நடராசன் அதைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருப்பார். இப்போது காலில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்.

"விஜி. தினம் நீ கெளம்பின பெறகு நான் பைக்க எடுத்துக்கிட்டு நம்ம வயலுக்குப் போயிட்டிருக்கேன்."

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். இண்டிகேட்டர் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

"எப்பலேர்ந்து?"

"மதுரைலேர்ந்து வந்ததுலேர்ந்தே."

"பள்ளிக்கூடத்து வழியாவா?"

"அந்த வழிதான கிட்ட."

அவளுக்குக் கோபம் வந்தது. கத்தியிருக்கலாம். பின்சீட்டில் ஷிஃபா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அங்கே இல்லாதவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"காலைல புள்ளைங்க சைக்கிள்ல போவும்" என்றாள் விஜயலட்சுமி.

"தெரியும்."

"என்ன தெரியும்? பக்கத்துல போனா உங்களுக்குத் தெரியாதே."

"இவ்ளோ போயிருக்குன்னு எனக்குத் தெரியல விஜி. நிசமா தெரியல. திரும்பிப் பாத்தா எல்லாம் இருக்கிற மாதிரிதான் இருக்கு. கறுப்பா எதுவும் தெரியறதில்ல. இல்லாதது இல்லன்னே தெரியமாட்டேங்குது." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அவள் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது ஷிஃபாவிடம், "கழுவிக் குடுக்கணும்ல, சேறெல்லாம் அப்பியிருக்கு" என்றாள்.

"நாங்க பாத்துக்கறோம் மேடம்." ஷிஃபா தயங்கினாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "அந்த எடத்துல நானா இருந்தா இடிச்சிருப்பேன். விக்கறதுக்காகச் சொல்லல."

மறுநாள் காலை, வயலைக் குத்தகைக்குச் செய்யும் வைரக்கண்ணு வந்தான். நடராசன்தான் வரச் சொல்லியிருந்தார். பைக் சாவியை அவனிடம் கொடுத்து, "நீயே வச்சு ஓட்டு. நான் வயலுக்கு வரணும்னா போன் பண்றேன், வந்து கூட்டிட்டுப் போ" என்றார். ஏன் என்று அவன் கேட்டதற்குக் கண்ணைப் பற்றிச் சொன்னார். அன்று மாலை அண்ணனிடம் சொன்னார். மகளிடமும் சொன்னார். மகள் போனில் அழுதாள். ஒவ்வொரு முறையும் அதே சொற்களைத்தான் சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது வானிலை அறிக்கை சொல்வது போல இருந்தது. விஜயலட்சுமி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கோபம் முழுதாகப் போகவில்லை, பாதி போயிருந்தது.

கார்ப் பேச்சை அந்த வாரம் முழுக்க யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளே எடுத்தாள்.

"ஜலீல் போன் பண்ணிட்டே இருக்காரு. என்ன சொல்றது?"

நடராசன் நிமிர்ந்தார். "வாங்கணுமான்னே யோசிக்கிறேன்."

"அத அப்புறம் யோசிங்க. ரெண்டுல எது?"

அவர் யோசித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, உடனே சொன்னார். "நீலம். எட்டு லட்சம் அதிகந்தான். ஆனா காஞ்ச ரோட்டுல அதுதான் சீக்கிரம் நிக்குது. வளைவுல அதுதான் புடிச்சுக்கிட்டுப் போவுது. எந்தக் கணக்குலயும் அதுதான்."

"எனக்குச் சாம்பல்."

"ஏன்?"

"நீலம் தொட்டதும் நின்னுடுது. நான் நிறுத்தின மாதிரி இல்ல, அதுவா நின்ன மாதிரி இருக்கு. சாம்பல்ல நான் எவ்ளோ கேட்டேனோ அவ்ளோ குடுத்துச்சு. வழுக்கும்போது வழுக்குறேன்னு காலுக்குச் சொல்லிச்சு. சொல்லலன்னா நான் அப்படி ஒடிச்சிருக்க மாட்டேன்."

"அது டயர் விஜி. நீலத்துக்கும் அந்த டயரப் போட்டா..."

"இருக்கலாம். நீலத்தச் சேத்துல ஓட்டவிடல. ஓட்டாதத எப்படிச் சொல்றது?"

நடராசன் தலையாட்டினார். ஒரே சாலையில், ஒரே ஈரத்தில் ஓட்டாமல் இரண்டை ஒப்பிட்டால் அபுதாபியில் அவரே அந்த அறிக்கையைத் தூக்கி எறிந்திருப்பார்.

"மனசு நீலத்துலதான் கெடக்கு" என்றார் கடைசியில்.

"தெரியும்."

"ஓட்டப் போறது நீ."

"அதுவும் தெரியும்."

ஷிஃபாவுக்கு விஜயலட்சுமியே போன் செய்தாள். நிறம் மட்டும் நடராசன் சொன்னபடி. கறுப்பு வேண்டாம், சாம்பலும் வேண்டாம், வெள்ளை போதும், மற்றவர்கள் கண்ணுக்காவது பளிச்சென்று தெரியட்டும் என்றார்.

தை மாதம் வண்டி வந்தது. மருந்தகத்துக்கு அவள் பழைய காரில்தான் போனாள், புது வண்டியில் கம்பூட்ஸ் ஏற்ற மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கிளம்பினார்கள். ஒரு வாரம் வேளாங்கண்ணி, கடற்கரையில் வறுத்த மீன். ஒரு வாரம் சுவாமிமலை, அங்கிருந்து கும்பகோணத்துக்குக் காப்பி குடிக்க. முதல் இரண்டு முறை நடராசன் ஓயாமல் சொல்லிக்கொடுத்தார். வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிடு, வளைவுக்குள் மிதிக்காதே, வெளியே வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிலரேட்டரைக் கொடு. அவர் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது முறை அவர் சொல்வதற்கு முன்பே அவள் செய்துவிட்டாள். அதற்கப்புறம் அவர் சொல்வது குறைந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, நேர் எதிரே இருக்கிற சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். சந்து வந்தால் அவள் அவரைக் கேட்பதில்லை. நிறுத்தி, தானே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள்.

அறுவடை முடிந்த பிறகு ஒரு நாள் விடிகாலையில் விஜயலட்சுமிக்கு விழிப்புத் தட்டிவிட்டது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் கேட்டைத் திறந்து, வண்டியை வெளியே எடுத்தாள். எங்கே போகிறோம் என்று யோசிக்கவில்லை. புறவழிச்சாலையில் ஏறியதும் காலை அமுக்கினாள். யாருக்கும் கன்று மாட்டிக்கொள்ளவில்லை, யாரும் அவளைக் கூப்பிடவில்லை, போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றுமில்லை. இப்படி ஒரு முறைகூட அவள் வண்டி ஓட்டியதில்லை. சூரியன் கிளம்பும் வரைக்கும் ஓட்டினாள்.

திரும்பி வந்தபோது நடராசன் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு, கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"பாலுக்கா போன?"

"இல்ல. சும்மா. ஓட்டணும்னு இருந்துச்சு."

அவர் கண்ணைத் திறக்காமலே, "எவ்ளோ வேகத்துல போன?" என்று கேட்டார்.

"அத உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

நடராசன் சிரித்தார். மூடிய கண்ணோரத்திலிருந்து மருந்து கன்னத்தில் வழிந்தது. அவள் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுக் காப்பி போடப் போனாள்.